பல்லுக் கொழுக்கட்டைக்குள் இறால்

பத்திரிகைக்காரர்கள் அச்சில் காட்டும் கவனத்தை வாயில் காட்டுவதில்லை. அடுத்தவர் எழுதிய செய்தியில் ஒரு வாக்கியம் இரண்டு பொருள் தந்தால் சிவப்புப் பேனையால் வெட்டித் திருத்துவதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான் தொலைபேசியில் சொன்ன ஒரே வாக்கியத்தால், என் தோழியின் பிரியாவிடை விருந்து அவளுடைய பிள்ளையின் தலையில் விழுந்தது. (உவமை அல்ல. உண்மையாகவே தலையில்.)

தோழியின் பெயர் வாசுகி. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். முதல் சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்குள் துணிந்து நுழைந்தோம். மூங்கில் கூடையில் ஆவி பறக்க டிம் சம் வந்தது. "கொழுக்கட்டையையெல்லே இந்த விலைக்கு விக்கிறாங்கள்!" என்று வாசுகி முகத்தைச் சுளித்தாள். பிறகு என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அதன் பின் எங்கள் வாழ்க்கையில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அந்தக் கடைக்குத்தான் போவோம். அவளுக்குக் கலியாணம் பொருந்திய செய்தியையும் அங்கேதான் சொன்னாள், வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு. எனக்குப் பாதிதான் விளங்கியது.

கலியாணம் முடித்துக் கடலோர ஊரான தொண்டைமானாற்றுக்குப் போனாள். நான் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்து, உடுவிலில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அவளுடைய கணவன் நோர்வேக்குப் போய்விட, விசா வரும்வரை அவள் அவனுடைய அக்கா இந்திராணியின் வீட்டில் இருந்தாள். மகள் ஆதிரை பிறந்ததும் அங்கேதான். இந்திராணி அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆதிரை தூங்குவதும் விழிப்பதும் அவருடைய மடியில்தான்.

விசா திடீரென்று வந்தது. அந்தக் கிழமையே பயணம். வாசுகி எனக்குப் போன் எடுத்தாள்.

"எடி, இஞ்சை எல்லாரும் இப்பவே அழத் தொடங்கிட்டினம். எனக்கு உன்னோடை ஒரு மணித்தியாலம் தனிய இருந்து சாப்பிடவேணும். வேறை ஒருத்தரும் வரக்கூடாது. டிம் சம்தான் வேணும்."

"யாழ்ப்பாணத்திலை டிம் சம்முக்கு நான் எங்கையடி போறது?"

"ஊர் உலகத்துச் செய்தியெல்லாம் நீதானே எழுதிறாய். கண்டுபிடி."

நான் கேட்ட கடைகளில் எங்கும் இல்லை. நானே அவிப்பதென்று முடிவெடுத்தேன். (அதுவரை நான் அவித்தவற்றுள் மிகச் சிக்கலானது முட்டை.) வீடியோவில் சொன்ன மா கிடைக்கவில்லை, வெள்ளை அரிசிமாவைச் சுடுதண்ணீரில் குழைத்தேன். உள்ளே வைக்க இறால், இஞ்சி, வெங்காயத்தாள். ஆனால் அவிக்க என்னிடம் பாத்திரம் இல்லை. இந்திராணி அக்காவிடம் பெரிய இடியப்பச் சட்டி இருப்பது தெரியும். போன் எடுத்தேன்.

"என்னத்துக்குப் பிள்ளை சட்டி?"

"நாளைக்கு வாசுகியும் ஆதிரையும் இஞ்சை வருகினமெல்லே அக்கா. கொழுக்கட்டை மாதிரி ஒண்டு அவிக்கப் போறன்."

"கொழுக்கட்டையோ? ஆதிரைக்குப் பல்லு முளைச்சது உனக்குத் தெரியுமோ?"

"ஓம், வாசுகி சொன்னவள். உதுக்கும் ஓரத்தைப் பல்லுப் பல்லாய் மடிக்கவேணும் அக்கா. அதுதான் முக்கியம்."

"நீ நல்லா இருப்பாய் பிள்ளை" என்றார். ஒரு சட்டி கேட்டதற்கு இவ்வளவு ஆசீர்வாதமா என்று யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாள் வாசுகி பிள்ளையோடும் சட்டியோடும் வந்தாள். சட்டியில் அவித்து எடுத்தவற்றைப் பார்த்து நெடுநேரம் சிரித்தாள். என் மடிப்புகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில வாயைத் திறந்துகொண்டிருந்தன. ஆறியதும் மாவும் இறுகிவிட்டது. "பரவாயில்லை, ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவம்" என்றாள். சோயாச் சாறைக் கிண்ணத்தில் ஊற்றி, பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

கீழே ஓட்டோ வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

முதலில் படியேறி வந்தவர் இந்திராணி அக்கா. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. பின்னால் புகைப்படம் எடுக்கப் போனைத் தயாராய்ப் பிடித்தபடி அவருடைய கணவர். அவருக்குப் பின்னால் உறவுக்காரப் பெண்கள் நால்வர். ஒருவர் கையில் தாம்பாளம். அதில் புத்தகம், பேனை, கண்ணாடி, சங்கிலி. மடித்த வெள்ளைத் துணி ஒன்றும் இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளைக்கு முதற்பல் முளைத்தால் ஓரத்தைப் பல்லுப் போல மடித்துக் கொழுக்கட்டை அவித்து, வெள்ளைத் துணி போர்த்திய தலையில் கொட்டுவது எங்கள் வழக்கம். கொட்டுவதற்கு உரிமைக்காரி மாமி, அதாவது தகப்பனின் சகோதரி. பிறகு பிள்ளை தாம்பாளத்தில் எதைத் தொடுகிறதோ, அதுவே அதன் எதிர்காலம். அந்தக் கொழுக்கட்டைக்குள் பயறும் சர்க்கரையும் இருக்கும். இறால் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"அக்கா, இது வந்து..." என்று தொடங்கினேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இவளுக்கு ஒண்டும் செய்யாமல் அனுப்பப் போறமே எண்டு எனக்கு நித்திரையே இல்லைப் பிள்ளை. பயணச் சாமான் கட்டுற அவசரத்திலை வாசுகியிட்டைக் கேக்கவும் மனம் வரேல்லை. கேக்காமலே நீ செய்தாய்."

நான் வாசுகியைப் பார்த்தேன். அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். எங்கள் ஒரு மணித்தியாலம் அதற்குள்தான் இருந்தது. கடிக்காமல் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். எழுந்து, அந்த வெள்ளைத் துணியை வாங்கி, மகளின் தலையில் தானே போர்த்தினாள்.

"கொட்டுங்கோ மச்சாள்" என்றாள்.

இந்திராணி அக்கா தட்டைத் தூக்கிக் கொட்டினார். சரியாக மடித்தவை துணியில் உருண்டு விழுந்தன. (அப்படி மூன்றோ நான்கோ இருந்தன.) மற்றவை உடைந்தன. துணி வழுக்கிக் கழுத்துக்கு இறங்க, இஞ்சியும் வெங்காயத்தாளும் ஆதிரையின் தலையில் ஒட்டிக்கொண்டன. புத்தகத்தையும் பேனையையும் சங்கிலியையும் அவள் திரும்பியும் பார்க்கவில்லை. மடியில் விழுந்திருந்த இளஞ்சிவப்புப் பொருளை எடுத்து, புதுப் பல்லால் கடித்தாள்.

"ஐயோ, பிள்ளை புழுவைத் தின்னுது!" என்று ஒரு பெண் கத்தினார்.

வாசுகி விரலை விட்டு அதை வெளியே எடுத்தாள். இந்திராணி அக்கா அதை வாங்கி முகர்ந்தார். நான் படியிறங்கி ஓடினால் எவ்வளவு நேரத்தில் தெருவுக்குப் போகலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீழே விழாத ஒன்றை எடுத்து, பிட்டு, வாயில் போட்டு, ஆற அமர மென்றார்.

"உப்புக் காணாது" என்றார். பிறகு, "ஐஸ் இறால். எடி விசரி, என்னட்டைச் சொல்லியிருந்தால் பிடிச்ச கையோடை கொண்டந்து தந்திருப்பனே!"

"அக்கா, இது பல்லுக் கொழுக்கட்டை இல்லை..."

"அது இப்ப தெரியுது. அதுக்கென்ன, எங்கடை பிள்ளைக்குக் கடலிலை இருந்து வந்ததைத்தானே கொட்டியிருக்கு." சிரிக்கத்தான் தொடங்கினார். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்ததும் சிரிப்பு அழுகையாகிவிட்டது. பட்டுச்சேலை முழுவதும் இஞ்சி.

தாம்பாளம் பிடித்திருந்தவர், சூழ்நிலையை மாற்ற நினைத்தோ என்னவோ, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். "டிம் சம்" என்றேன். "துவம்சமோ?" என்றார். தரையைப் பார்த்தபோது எனக்குத் திருத்த மனம் வரவில்லை. இன்னொருவர் சோயாச் சாறைச் சர்க்கரைப்பாணி என்று நினைத்துத் தாராளமாக ஊற்றிச் சாப்பிட்டு, மரியாதைக்காக அதை விழுங்கியும் விட்டார். அவருடைய முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வாசுகியும் நானும் பிள்ளையைக் குளியலறைக்குக் கொண்டுபோனோம். நான் தண்ணீர் வார்த்தேன். அவள் தலையைத் தேய்த்தாள். வெளியே கலியாண வீடு போலச் சத்தம். உள்ளே வாளித் தண்ணீரின் சத்தம் மட்டும்.

"அழுறியோடி?" என்றாள்.

"இல்லை. இஞ்சி கண்ணிலை பட்டிட்டுது."

"எனக்கும்" என்றாள்.

ஆதிரை மட்டும் சிரித்துக்கொண்டே தண்ணீரை அடித்தாள். நாங்கள் வெளியே வந்தபோது தட்டு காலி. பாயில் விழுந்தவற்றையும் தட்டிவிட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். பிரியாவிடை விருந்தை அதற்கு உரியவளைத் தவிர மற்ற எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். இரண்டு நாளில் வாசுகியும் ஆதிரையும் விமானம் ஏறினார்கள்.

சட்டியைத் திருப்பிக் கொடுக்க நான் தொண்டைமானாற்றுக்குப் போனேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. இந்திராணி அக்கா என்னைத் திரும்பிப் போக விடவில்லை. இறால் உரிக்க உட்கார வைத்தார். அன்று தொடங்கியது. இப்போது அநேகமான ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான். எங்கள் துவம்சத்துக்கு (அந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர்) உப்பு அளவாக இருக்கிறது. மடிப்பு இன்னும் சரிவரவில்லை.

சாப்பிடும்போது வாசுகி வீடியோவில் வருவாள். பள்ளிக்கூடம் போகும் ஆதிரை பின்னால் ஓடித் திரிவாள். போன கிழமையும் தட்டைப் பார்த்ததும் வாசுகி தன் வழமையான வழக்கைத் தொடங்கினாள்.

"எனக்கு இன்னும் பிரியாவிடைச் சாப்பாடு தரேல்லை. சாப்பாடு தராட்டி விடை தரேல்லை எண்டுதானே அர்த்தம்? அப்ப நான் இன்னும் போகேல்லை."

"போகாட்டி உங்கை நிண்டு என்னடி செய்யிறாய்?" என்றார் இந்திராணி அக்கா, போனுக்குள் தலையை நீட்டி. "கையைக் கழுவிப்போட்டு வந்து இரு."