அப்பா செய்த வேலை

"இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு, எனக்கு இந்த நாட்டில வேலை செய்ய உரிமை இருக்கோ எண்டு கேக்கிறான்" என்று கத்தியபடி பாக்கியராசா சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். அது ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியிலிருந்த அவர்களுடைய வீட்டுச் சுவரில் பட்டு விழுந்தது. மனைவி தெய்வநாயகி அதை எடுத்து வைத்தாள்.

அவர் ரொட்டி அடுக்கும் பாண் தொழிற்சாலையில் தொழிலாளர்களின் வேலை உரிமையைச் சரிபார்க்கவேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பத்திரம் காட்டாதவருக்கு வேலையில்லை. மனேச்சர் மாக்கஸ் தானே தயாரித்த பட்டியலில் பதினொரு பெயர்கள். ஒன்பது தமிழ், இரண்டு பிலிப்பீனோ. உன்னுடைய பெயர் எங்கே என்று பாக்கியராசா கேட்டதற்கு, தான் மனேச்சர் என்று மாக்கஸ் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் சப்பாத்தைப் பறக்கவைத்தது. ஐம்பத்தொன்பது வயதில் இந்த வேலை போனால் வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்?

புதன்கிழமை குடியுரிமைப் பத்திரத்தைக் கொண்டுபோனார். அதில் அவர் பாக்கியராசா. கம்பெனிக் கோப்பிலோ சண்முகலிங்கம். வேலைக்குச் சேர்ந்த அன்று ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முதலில் எழுதினார். அதையே அவருடைய பெயராக்கிவிட்டார்கள். திருகோணமலையை விட்டு ஒருநாளும் வெளியேறாத அப்பா, இத்தனை வருடமாக ஸ்காபரோவில் பாண் அடுக்கிக்கொண்டிருந்தார்.

சண்முகலிங்கம் தகப்பன்தான் என்று நிரூபிக்க, பின்னேரமே பிறப்புச் சான்றிதழைக் காட்டினார். மாக்கஸ் அதை இரண்டு தரம் வாசித்தான். அப்படியென்றால் இங்கே வேலை செய்வது உன் தகப்பன், அவரை வரச்சொல் என்றான்.

"அவர் செத்துப் பதினெட்டு வருசம். எங்கயிருந்து கூட்டிக்கொண்டு வாறது?" என்று வீட்டில் பாக்கியராசா பல்லைக் கடித்தார்.

"அப்ப மரணச் சான்றிதழையும் குடுங்கோவன். பிரச்சினை முடிஞ்சிடும்" என்றாள் தெய்வநாயகி.

வியாழக்கிழமை அதையும் கொடுத்தார். பிரச்சினை முடியத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை காலை வாசலில் அவருடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. சண்முகலிங்கம் இறந்துவிட்டதாகப் பதிந்து வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். தெய்வநாயகியின் போனுக்கு ஓர் அனுதாபச் செய்தியும் வந்திருந்தது.

பாக்கியராசா அலுவலகத்துக்குள் புகுந்து மேசையில் அடித்தார். "நான் செத்திட்டனெண்டா நேற்றுவரைக்கும் உங்களுக்குப் பாண் அடுக்கினது ஆர்?"

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மயூரிக்கு இங்கேதான் பிறப்பு. ஆனால் அவளுடைய வீட்டிலும் ஆளுக்கொரு கடைசிப் பெயர். பத்திரங்களைப் பரப்பி வைத்துப் பத்து நிமிடத்தில் அப்பனையும் மகனையும் பிரித்தெடுத்தாள். சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடும்படி படிவத்தை மாக்கஸிடம் நீட்டினாள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டியலில் மிச்சம் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி கிறுக்கிவிட்டுப் போனான்.

சரிபார்த்தவரின் கோப்பையும் படிவத்தோடு இணைக்கவேண்டும் என்பது தலைமை அலுவலக விதி. மயூரி மாக்கஸின் கோப்பைத் திறந்தாள். ஒரு தாளில் அவளுடைய கண் நின்றது. பிறகு மெதுவாகப் படிவத்தைக் கிழித்தாள்.

"சொறி அங்கிள், உந்தச் சைன் செல்லாது. மாக்கஸ் இங்கிலாந்துக்காரர், அவற்ற வேர்க் பெர்மிட் போன மார்ச்சோட முடிஞ்சுது, அவரிட்ட மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை."