கோக்-கெச்சூவில் குழந்தையே மையம்

குழந்தைகளின் நலனுக்காக உலகில் நடத்தப்படும் காரியங்களில் எங்கள் மாகாணத்து ஆகஸ்டு ஆசிரியர் மாநாட்டுக்கு இணையானது எதுவும் இல்லை என்பது என் தாழ்மையான முடிவு. காரணம் எளிது. அதில் குழந்தைகள் குறுக்கிடுவதில்லை. ஆகஸ்டில் எங்கள் மலைக்கிராமமான கோக்-கெச்சூவின் குழந்தைகள் எல்லாரும் மேய்ச்சல் மலையில் ஆடுகளோடும் குதிரைகளோடும் இருப்பார்கள். ஆசிரியர்கள் கீழே ஊரில் இருந்துகொண்டு அவர்களைப் பற்றி நிம்மதியாகச் சிந்திக்கலாம்.

இந்த முடிவுக்கு நான் அவசரப்பட்டு வரவில்லை. என் நாட்குறிப்பை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான்தான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று தோன்றியது. ஆனால் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழில் முத்திரையும் இருக்கிறது.

நான் எர்மெக், பாட்டு ஆசிரியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கணக்கு ஆசிரியர் மாஸ்கோவுக்கு டாக்ஸி ஓட்டப் போய்விட்டார். அன்று முதல் எட்டாம் வகுப்புக்கு நானே 'தற்காலிகமாக'க் கணக்கு எடுக்கிறேன். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குத் தலைமையாசிரியை கூமுஷாய் எஜே, அதாவது கூமுஷாய் அக்கா, ஆசிரியர் கூட்டத்தில் காரணம் சொன்னார்.

"பாட்டும் கணக்குதானே தம்பி. நீதான் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிக்கிட்டே வாசிக்கிறே."

"நாலுக்கு மேல போகாது எஜே."

"அதெல்லாம் பழகிடும்."

பழகுவதற்காகப் பால் லாரியில் ஏறி வட்டத் தலைநகருக்குப் போய் மாலை வகுப்பில் கணக்குப் படித்தேன். மாலையில் படித்ததை மறுநாள் காலை நடத்துவேன். எனக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில் ஓர் இரவு இடைவெளி இருந்தது. லாரி பழுதாகும் நாட்களில் அதுவும் இருக்காது.

ஜூலையில் மாலை வகுப்பின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: 'ஆசிரியர் திறன் மேம்பாட்டு மாநாட்டை முன்னிட்டு ஆசிரியர் திறன் மேம்பாட்டு வகுப்புகள் நடைபெறா.' எங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவரை மாநாட்டுப் பதாகைக்குத் துணி அளக்க அழைத்துப் போயிருந்தார்கள். கணிதத்துக்கு மாகாணத்தில் இவ்வளவு மதிப்பு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நடந்தே ஊர் திரும்பினேன்.

அந்த வாரம்தான் கூமுஷாய் எஜே செய்தி கொண்டுவந்தார். மாகாணக் கல்வி அலுவலகத்தில் புதிதாகப் படித்து முடித்த கணக்கு ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள். எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று இன்னும் முடிவாகவில்லை. மாநாட்டின் மாதிரிப் பாடப் போட்டியில் கலந்துகொள்ளும் பெருமை இவ்வாண்டு எங்கள் பள்ளிக்கும் கிடைத்திருக்கிறது.

"முதல் பரிசு வாங்கினா அந்தப் பொண்ணு நமக்குத்தான்" என்றார் எஜே.

"யார் சொன்னா?" என்று கேட்டார் ஷர்ஷென் அகாய். அறுபது வயதைத் தாண்டிய சரித்திர ஆசிரியர் அவர்; ஆண் ஆசிரியர்களை நாங்கள் அகாய் என்போம். கூமுஷாய் எஜேவுக்கே பாடம் நடத்தியவர்.

"யாரும் சொல்லல அகாய். ஆனா பரிசுன்னா ஏதாவது குடுப்பாங்கல்ல?"

ஷர்ஷென் அகாய்க்கும் இதில் அக்கறை இருந்தது. அவருடைய பேத்தி ஐசிரெக் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் செவிலியர் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அடுத்த ஆண்டு கணக்குத் தேர்வில் தேற வேண்டும். அவளுக்கும் அந்தத் தேர்வுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மாநாட்டின் தலைப்பு 'குழந்தையே மையம்'. மாதிரிப் பாடத்துக்கு விதிப்படி ஒரு வகுப்பு நிறைய மாணவர்கள் வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் தோகோன் குதிரையில் மேய்ச்சல் மலைக்குப் போய்க் குழந்தைகளைக் கேட்டுப் பார்த்தார். வயிறு நிறையக் குமிஸ் என்ற புளித்த குதிரைப்பாலைக் குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க பைகே?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"ரோமம் வெட்டுற நேரம், ஒருத்தனையும் விடமாட்டோம்னு சொல்லிட்டாங்க. நாலு ஆடு வேணா அனுப்புறோம், உக்கார வெச்சுக்கங்கன்னாங்க."

எஜே ஆடுகளைப் பற்றியும் சிறிது நேரம் யோசித்தார் என்றே நினைக்கிறேன். பிறகு ஆசிரியர்களே மாணவர்களாக அமர்வது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தில் அவர்களுக்கு 'பதிலி மாணவர்கள்' என்று பெயர். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, பெண்களுக்குத் தலையில் பெரிய வெள்ளை ரிப்பன் பூ. வேதியியல் எஜேவுக்கு அந்த மாதம் மகளின் நிச்சயதார்த்தம். இரண்டுக்கும் ஒரே ரிப்பன் போதுமா என்று கேட்டார்.

பாட விதிமுறையின்படி ஒரு நல்ல மாணவர், சில நடுத்தர மாணவர்கள், பாடம் முடிவதற்குள் முன்னேற்றம் காணும் ஒரு 'பின்தங்கிய மாணவர்' தேவை. நல்ல மாணவருக்கு ஐந்து பேர் விண்ணப்பித்தார்கள். பின்தங்கிய மாணவருக்கு ஒருவரும் இல்லை.

"தோகோன், நீ இரேன்" என்றார் எஜே.

"என் பொண்டாட்டி தபால் ஆபீஸ்ல வேலை செய்றா எஜே. சாயங்காலத்துக்குள்ள வட்டம் பூரா தெரிஞ்சிடும்."

"நான் இருக்கேன்" என்றார் ஷர்ஷென் அகாய். "மக்குப் பையனா இருக்கிறதுல எனக்கு ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. ஆனா ஒண்ணு கூமுஷாய், புரிஞ்சாத்தான் புரிஞ்சதுன்னு சொல்லுவேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் அகாய்."

அப்புறம் யாரும் பேசவில்லை. ஒத்திகையில் வேறு சிக்கல்கள் இருந்தன. முதலில் பாடம் இருபடிச் சமன்பாடு. பதிலி மாணவர்களில் ஒருவருக்கும் விடை வரவில்லை. நடத்திய எனக்கும் பாதியில் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த நாள் பின்னத்துக்கு இறங்கினோம். அதற்கடுத்த நாள் சதவீதத்துக்கு இறங்கி அங்கே உறுதியாக நின்றோம். ஒரு மந்தையில் எண்பது ஆடுகள். அவற்றில் இருபது சதவீதம் கறுப்பு. கறுப்பு ஆடுகள் எத்தனை?

"யார் மந்தை?" என்று கேட்டார் தோகோன்.

"யார் மந்தையா இருந்தா என்ன பைகே, கணக்குக்கு..."

"அது எப்படி? சாமுதீன் மந்தைன்னா எண்பது இருக்காது. பாதிய வித்துட்டான்."

இன்னொரு சிக்கல் இருக்கை. கதவிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் இடம் எங்களுக்குத் தோர், மூத்தவர்களின் இடம். வகுப்பறையில் அது கடைசி பெஞ்சு. ஆகவே மூத்தவரும் பின்தங்கியவருமான ஷர்ஷென் அகாய் தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பியோடு கடைசி பெஞ்சில் அமர்ந்தார். கல்பாக்கைக் கழற்றச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அவரை நீ என்று அழைக்கும் துணிவும் இல்லை.

"ஷர்ஷென் அகாய், உங்க வீட்டுப்பாடத்தைக் கொஞ்சம் காட்ட முடியுங்களா?"

"செய்யல."

"பரவாயில்லீங்க அகாய். சிரமம் குடுத்ததுக்கு மன்னிச்சுக்கங்க."

"தம்பி, மாணவனை இப்படியா கேக்கிறது?" என்றார் எஜே.

"நீங்க கேட்டுக் காட்டுங்க எஜே."

எஜே கடைசி பெஞ்சைப் பார்த்தார். தன் பழைய ஆசிரியரைப் பார்த்தார். "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மாநாட்டு நாள் வந்தது. எங்கள் மாலை வகுப்பு ஆசிரியர் அளந்து கொடுத்த பதாகை எங்கள் பள்ளி வாசலில் மிகச் சரியான நீளத்தில் தொங்கியது. மாகாணத்தின் கற்பித்தல் முறை அதிகாரி கிளாரா துர்குனோவ்னா தம் குழுவோடு வகுப்பறைக்குள் நுழைந்தார். பார்வையாளர்கள் கடைசி பெஞ்சில் அமர்வதுதான் வழக்கம். கடைசி பெஞ்சு தோர். அங்கே கல்பாக் இருந்தது.

"நீங்க உக்காருங்க அகாய், நாங்க இங்கயே நிக்கிறோம்" என்றார் கிளாரா துர்குனோவ்னா.

"விருந்தாளி நிக்கலாமா? வாங்க, வாங்க."

"உங்களை எழுப்பிட்டு நான் உக்காரவா? எங்க வீட்ல என்னை அப்படி வளக்கல."

இந்த மரியாதைப் பரிமாற்றம் பாட நேரத்தில் கால் பங்கை எடுத்துக்கொண்டது. முடிவில் ஆய்வுக் குழு கதவோரம் முதல் பெஞ்சில் தோகோனுக்கு அருகில் நெருக்கி உட்கார்ந்தது. தோகோன் பழக்கத்தில் கிளாரா துர்குனோவ்னாவின் கையில் காய்ந்த தயிரில் செய்த ஒரு குருத் உருண்டையை வைத்தார். அவரும் பழக்கத்தில் அதை வாயில் போட்டுக்கொண்டார். குழுவின் அறிக்கையில் இது 'ஆய்வாளருக்கும் மாணவருக்கும் இடையிலான சுவர் தகர்க்கப்பட்டது' என்று இடம்பெற்றது.

பாடம் தவறின்றி நடந்தது. ஷர்ஷென் அகாய் பலகைக்கு வந்தார். எழுதிக் கொடுத்தபடி முதலில் இருபது ஆடு என்றார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மீண்டும் யோசிக்க முடியுமா என்று வேண்டினேன். யோசித்தார். பதினாறு என்றார். முன்னேற்றம் நிகழ்ந்தது. வேதியியல் எஜேவின் ரிப்பன் பூ மகிழ்ச்சியில் ஆடியது. கிளாரா துர்குனோவ்னா பக்கத்தில் இருந்தவரிடம், "கவனிச்சீங்களா? ஒவ்வொரு குழந்தையையும் நீங்கன்னு கூப்பிடறார்" என்று வியந்தார்.

கடைசிக் கட்டம் 'சுயமதிப்பீடு'. ஒவ்வொருவரிடமும் இரண்டு அட்டைகள். பாடம் புரிந்தவர்கள் மஞ்சள் சூரியனைத் தூக்க வேண்டும். புரியாதவர்கள் சாம்பல் நிற மேகத்தை. மேகங்களை நாங்கள் செய்தது விதிமுறைக்காக மட்டும்தான்.

அறை முழுக்கச் சூரியன்கள் எழுந்தன. கடைசி பெஞ்சில் ஒரு மேகம் எழுந்தது.

எஜே என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

"எனக்குப் புரியல" என்றார் ஷர்ஷென் அகாய். "பதினாறுன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். ஏன் பதினாறுன்னு கேட்டா தெரியாது. இந்தப் பையன் நல்ல பையன். பாட்டு வாத்தியார். எங்க எட்டாம் வகுப்புக்கு ரெண்டு வருஷமா கணக்கு வாத்தியாரே இல்ல. உங்ககிட்ட ஒரு பொண்ணு இருக்காமே, கணக்குப் படிச்சவ. அவளை இங்க அனுப்புங்கம்மா."

கிளாரா துர்குனோவ்னா மெதுவாக எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன. நிஜமாகவே கலங்கியிருந்தன, நான் பார்த்தேன். பிறகு கைதட்டினார்.

"என்ன நடிப்பு" என்றார். "பின்தங்கின குழந்தையோட மனசை இதுவரைக்கும் ஒரு பள்ளியும் இப்படிக் காட்டினதில்ல."

"நடிப்பு இல்லம்மா" என்றார் ஷர்ஷென் அகாய்.

"பாருங்க, பாத்திரத்துல இருந்து இன்னும் வெளிய வரல" என்று அவர் குழுவிடம் சொன்னார். குழுவும் எழுந்து கைதட்டியது. பதிலி மாணவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பாடம் முடியாது என்று தோன்றியது.

முதல் பரிசு எங்களுக்கே கிடைத்தது. ஷர்ஷென் அகாய்க்கு 'மாகாணத்தின் சிறந்த மாணவர்' என்று தனிச் சான்றிதழ். விருந்தில் மூத்தவருக்குரிய மரியாதையாக ஆட்டுத் தலையை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் தொடவில்லை. கூமுஷாய் எஜே போர்சோக் என்ற பொரித்த ரொட்டித் தட்டோடு கிளாரா துர்குனோவ்னாவின் அருகில் போய் அமர்ந்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கணக்குப் பொண்ணு விஷயம்..." என்று எஜே தொடங்கினார்.

"உங்களுக்கு எதுக்கு? இவ்வளவு அருமையான கணக்கு ஆசிரியரை வெச்சுக்கிட்டு?" அவர் என் தோளைத் தட்டினார். "இவர் பேரை உயர்தர ஆசிரியர் பட்டியல்ல சேத்தாச்சு, சான்றிதழும் வரும்."

"அப்ப அவளைப் போட்டியில கடைசியா வந்த பள்ளிக்கு அனுப்புறீங்களா?"

"கெட்டிக்காரப் பொண்ணு. கிராமத்துல போட்டு வீணாக்கலாமா? அலுவலகத்துலயே வெச்சுக்கிட்டோம். மாநாட்டு முடிவையெல்லாம் சதவீதத்துல போடணுமில்ல."

அறிக்கை பிறகு வந்து சேர்ந்தது. மாணவர் பங்கேற்பு நூற்று நான்கு சதவீதம். அவள் கெட்டிக்காரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

செப்டம்பரில் குழந்தைகள் இறங்கி வந்தார்கள். முகம் கறுத்து, உடையெல்லாம் சாணப்புகை வாசனை. பதாகையை இன்னும் கழற்றவில்லை. அதைத் தாண்டி வகுப்புக்குள் வந்த ஐசிரெக், "கணக்கு எஜே வந்துட்டாங்களா அகாய்?" என்று கேட்டாள். நான் சுவரில் இருந்த என் சான்றிதழைக் காட்டினேன். அவள் நிதானமாகப் படித்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று இருபடிச் சமன்பாடு நடத்தினேன். மாலை வகுப்பு இன்னும் திறக்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த இடம்வரை நடத்தினேன். முடிவில் அட்டைகளைக் கொடுத்தேன். பரிசு பெற்ற முறையை விடக்கூடாது என்பது உத்தரவு. கூமுஷாய் எஜே கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைகள் என்னைப் பார்த்தார்கள், எஜேவைப் பார்த்தார்கள், பிறகு சூரியனைத் தூக்கினார்கள். ஐசிரெக் மட்டும் மேகத்தைத் தூக்கினாள்.

"புரியல அகாய். ஏன் ரெண்டு விடை வருதுன்னு நீங்க சொல்லவே இல்ல."

எனக்கு அது தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட வேளையில் என்ன செய்ய வேண்டும் என்று மாகாணமே எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. நான் கைதட்டினேன்.

"என்ன நடிப்பு" என்றேன்.

வகுப்பு முழுவதும் கைதட்டியது. ஓசை அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மேகத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சூரியனை எடுத்துத் தூக்கினாள்.