மீட்கப்பட்ட மெஷின்

திருடு போன தையல் மெஷின் இரண்டே நாளில் கிடைத்துவிட்டது. டெய்லர் விழுந்தடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். திங்கட்கிழமைக்குள் நாற்பது பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

"வண்டி கொண்டு வந்திருக்கேன் சார். ஏத்திக்கட்டுமா?"

ஏட்டு அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அது இப்ப மெஷின் இல்லய்யா, சாட்சிப் பொருள். கேஸ் முடியட்டும்."

"எப்ப சார் முடியும்?"

"ஆரம்பிச்சாத்தானே முடியும்."

கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கிவிடலாம் என்று மைத்துனர் தைரியம் சொன்னார். மனுவோடு மெஷின் வாங்கிய ரசீதை வைக்கவேண்டும். ரசீது மெஷினின் இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறைக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

டெய்லர் மறுபடி ஏட்டிடம் வந்து நின்றார். "புகாரையே வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

"அப்ப பொய்ப் புகாரா? அதுக்குத் தனி கேஸ் இருக்கு."

"ஐயோ, வேணாம் சார். அது என் மெஷினே இல்லன்னு எழுதித் தந்துடறேன்."

ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடுத்தவன் மெஷின் உன் கடைக்கு எப்படிய்யா வந்துச்சு?"

அன்று மாலைவரை டெய்லரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில், திருட்டுப் பொருட்களை நூறு சதவீதம் மீட்டதற்காக அந்த ஸ்டேஷனுக்குக் கொடுத்த கேடயம் பளபளத்தது. தகுதியான கேடயம்தான். மீட்டதில் ஒன்றைக்கூட அவர்கள் இதுவரை கைநழுவ விட்டதில்லை.

ஒருவழியாக வாசலுக்கு வந்தபோது திருடன் எதிரே வந்தான். பிடிபட்ட மறுநாளே ஜாமீன் வாங்கிவிட்டு, தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான். மெஷினுக்குத்தான் ஜாமீன் கிடைக்கவில்லை.

"தப்புதாண்ணே, மன்னிச்சிருங்க" என்றான் திருடன்.

டெய்லருக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவனை மதில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, உன் கையக் காலா நினைச்சுக் கேக்கறேன். நாளன்னிக்கு நாற்பது சீருடை குடுக்கணும், இல்லன்னா என் பொழப்பு போச்சு. எப்படியாவது உள்ள பூந்து என் மெஷினத் திருடிக் குடுத்துடு."

திருடன் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினான்.

"அது முடிஞ்சா உங்க கடைக்கு ஏண்ணே வந்திருக்கப் போறேன்? காணாமப் போன என் தையல் மெஷினை இவங்க கண்டுபிடிச்சு நாலு வருஷமாச்சு."