'நேத்து' கண்டக்டர்

சேலம் ஜில்லாவில் யார் யார் எங்கே போனார்கள் என்பது கடவுளுக்குத் தெரியும். அவருக்கே சந்தேகம் வந்திருந்தால் எங்கள் 'நேத்து' கண்டக்டரைத்தான் கேட்டிருப்பார்.

உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்கு ரேஷன். ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் எங்கள் பஸ் பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓட, அதன் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். அதற்குக் காற்று ஊதும் விசிறியின் கைப்பிடியைக் கண்டக்டர் கால் மணி நேரமாவது சுற்றினால்தான் எஞ்சின் மனம் இரங்கும். தினமும் வேலைக்குப் போகிற நாங்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி பஸ்ஸில் காத்திருப்போம்.

சுற்றும்போது அவர் உரக்கச் சொல்வார்: "நேத்து ஆளு..." முந்தின நாள் பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவரின் பேர், போன இடம், கையில் இருந்த சாமான் எல்லாம் ஒப்பிப்பார். அதனால் வந்த பட்டப்பேர். நிஜப்பேர் எனக்குத் தெரியாது.

ஒருநாள் "நேத்து ஆளு நம்ம பழனியப்பண்ணன், சேலத்துக்கு, நாலு முழம் மல்லியப்பூ" என்று ஒப்பித்துவிட்டார். பழனியப்பரும் அவர் சம்சாரம் பாவாயம்மாளும் அதே பஸ்ஸில்தான் இருந்தார்கள். "பூவு ஊட்டுக்கு வரலீங்களே" என்றார் அந்த அம்மாள், மெதுவாகத்தான். மாரியம்மனுக்கு வாங்கியது என்று பழனியப்பர் வழியில் மல்லூர் வரைக்கும் சத்தியம் பண்ணினார். அம்மன் சாட்சிக்கு வரவில்லை. அதன்பின் கண்டக்டர் சாமான் பட்டியலை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எங்கப்பனுக்கு அம்பது வயசுல ஊட்டுக்கு வழி மறந்துருச்சுங்க. எனக்கு இப்ப நாப்பத்தேழு. ஏறறவங்க எல்லாம் ஒருநா வேத்தாளாத் தெரிஞ்சுருவாங்களோன்னு பயமுங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஆரம்பத்தில் முப்பது பேரையும் ஒரே மூச்சில் மனப்பாடம் பண்ணப் பார்த்தாராம். மூன்றாம் நாள், தாலுகா கச்சேரியில் சேவகம் பார்க்கும் டவாலியை ஆட்டு வியாபாரி என்று நினைத்து "ஆடு எங்கீங்க?" என்று கேட்டுவைத்தார். தலைவலி தாங்காமல் நெற்றியில் சுக்குப் பத்தோடு வந்து நின்றதும் அப்போதுதான். "ஒரு வாரச் சோத்த ஒரே நாள்ல திங்க முடியுங்களா? தெனம் ஒரு ஆளு போதும்" என்பார். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கினால் நாலு நாளில் நின்றுபோகுமாம். கைப்பிடி சுற்றுவது நிற்காதே, அதனால் அதோடு முடிச்சுப் போட்டுவிட்டாராம். தினமும் விடியலில் தேகப்பயிற்சி செய்வதாகச் சபதம் எடுத்து ஐந்தாம் நாளே கைவிட்ட எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

மூன்று வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒரு காலையில், "நேத்து ஆளு..." என்றவர், அப்போதுதான் ஏற வந்த என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். கைப்பிடியும் நின்றது. கரி அணையப் பார்த்தது.

"பேரு வரலீங்க," என்றார். கைப்பிடியை விடாமலே, "ஆனா உங்களுக்கு மொழங்கால் வலி. முன் சீட்டுல எடம் வுட்டு வெச்சிருக்கேன், உக்காருங்க."

பேரைச் சொன்னேன். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் முதலில் ஏறியவர் பாவாயம்மாள். படியில் கால் வைக்கும்போதே, யாரும் கேட்காமல், "பாவாயிங்க. சேலத்துக்கு" என்றார். பின்னால் வந்த பழனியப்பர் தம் பேரைச் சொன்னார். அப்புறம் டவாலி, அப்புறம் நான். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அவர் வேலையிலிருந்து நிற்கிற வரைக்கும் அந்தப் பஸ்ஸில் பேர் சொல்லாமல் ஒருத்தரும் ஏறவில்லை.

அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இன்றைக்கும் எந்த ஊர் பஸ்ஸில் கால் வைத்தாலும், என் பேர் வாய்வரைக்கும் வந்துவிடுகிறது.