டாக்டர் பேர்மேல் ஒரு சிவப்புப் பட்டை

திரையில் டாக்டரின் பெயருக்கு மேலே சிவப்புப் பட்டை ஒன்று ஓடியது. அதில் இருந்ததை அவர் இரண்டு முறை படித்தார். ‘இதய நோய் அபாயம் அதிகம். உடனே கவனிக்கவும்.’

கிளினிக்கில் இருபத்தாறு வருடத்துக் கேஸ் ஷீட்டுகள் அலமாரியை நிறைத்துத் தரைக்கும் இறங்கிவிட்டதால், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு சாஃப்ட்வேர் வாங்குவதென்று முடிவாகியிருந்தது. மூன்று கம்பெனிக்காரர்கள் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஆளுக்கொன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"யாராவது ஒரு பேஷண்ட் விவரத்தைப் போட்டுப் பாருங்க சார்" என்றிருந்தார் முதல் கம்பெனிக்காரர். அடுத்தவர் ரகசியம் நமக்கெதற்கு என்று டாக்டர் தன்னையே போட்டார். வயது ஐம்பத்தேழு. ரத்த அழுத்தம் மட்டும் குத்துமதிப்பாக. ஊருக்கெல்லாம் அளந்து பார்ப்பவர் தனக்கு அளந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அடுத்தவங்களை அனுப்பட்டுமா சார்?"

டாக்டர் சட்டென்று திரையை அணைத்தார். "இந்த சாஃப்ட்வேர் சரியில்லை சிஸ்டர்."

"காலைல நல்லாத்தானே ஓடிச்சு?"

"சரியில்லைன்னா சரியில்லை. ரெண்டாவதைப் போடுங்க."

இரண்டாவதில் குத்துமதிப்பே கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு அளந்தார். பயத்தில் நெஞ்சு படபடத்ததால் எண் எகிறியது. மறுபடி அளந்தார். முதல் எண்ணைப் பார்த்த பயத்தில் இன்னும் எகிறியது. மூன்றாம் முறை அளக்கத் தைரியம் வரவில்லை.

அது கேள்விகளும் கேட்டது. படியேறினால் மூச்சு வாங்குமா? வாங்கும். இடது தோள் வலிக்குமா? படித்தவுடன் வலித்தது. ‘ஆம்’ என்று போட்டார்.

பட்டை இப்போது கண்சிமிட்டியது. ‘இன்றே சிறப்பு மருத்துவரைப் பார்க்கவும்.’

அன்று சளிக்கு மருந்து வாங்க வந்த ஒருவரிடம் "பயப்படாதீங்க, ஒண்ணுமில்லை" என்று சொல்லும்போது டாக்டரின் குரல் தழுதழுத்துவிட்டது.

வந்தவர் வெலவெலத்துப் போனார். "உண்மையைச் சொல்லிடுங்க டாக்டர். எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

மறுநாள், மூன்றாவது சாஃப்ட்வேரிடம் டாக்டர் பொய் சொன்னார். வயது நாற்பது. எடையில் பதினைந்து கிலோ தள்ளுபடி. எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’. பிறந்த தேதியை மட்டும் கை தன் பழக்கத்தில் சரியாக அடித்துவிட்டது. இதிலும் சிவப்புப் பட்டைதான் ஓடியது.

‘விவரங்கள் முரண்படுகின்றன. நோயாளிக்கு நினைவுத் தடுமாற்றம் இருக்கலாம். குடும்பத்தாருக்குத் தகவல் அனுப்பப்பட்டது.’

"ஐயையோ!" என்று எழுந்தேவிட்டார் டாக்டர். ‘குடும்பத்தார்’ என்ற கட்டத்தில் மனைவியின் நம்பரைப் போட்டதும் அவரேதான்.

பள்ளிக்கூட டீச்சரான மனைவி, பாதி திருத்திய பரீட்சைத் தாளோடு கால் மணி நேரத்தில் கிளினிக்குக்குள் ஓடி வந்தாள். "என்னங்க! நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? மெதுவா பேசு, வெளியே ஆளுங்க இருக்காங்க."

"அப்படின்னா நம்ம கல்யாண நாள் என்னிக்கு? சொல்லுங்க பார்ப்போம்!"

டாக்டர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அது எந்த வருடமும் அவருக்கு நினைவிருந்ததில்லை.

"போச்சு! எல்லாம் மறந்துபோச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள். "டாக்டருக்கே இந்தக் கதின்னா நாம எங்க போறது?" என்று யாரோ கேட்டது உள்ளே தெளிவாகக் கேட்டது. நர்ஸ் போய்ப் பார்த்தபோது நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன.

மனைவி அவரை இழுத்துக்கொண்டு போன இதய நிபுணர், டாக்டரோடு கூடப் படித்தவர். எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "குண்டுக்கல்லாட்டம் இருக்கே. தொப்பையை மட்டும் குறை."

"நல்லாப் பாருடா. மூணு சாஃப்ட்வேரும் சிவப்புதான் காட்டுது."

சொல்லும்போதே கவனித்தார். நண்பரின் மேஜையிலும் அந்த மூன்றாவதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ ஏன்டா இதை வாங்கினே?"

நண்பர் ஸ்டெதஸ்கோப்பை மடித்தார், விரித்தார். "சும்மாதான். ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

டாக்டர் நண்பரின் முகத்தையே உற்றுப் பார்த்தார். இவன் எதையோ மறைக்கிறான்!

திரும்பும் வழியில் மனைவி அவர் கையை விடவேயில்லை. "உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் என்னங்க பண்ணுவேன்? மூணாவதையே வாங்கிடுங்க. அதுதான் எனக்குத் தகவல் சொல்லிச்சு."

"ஆமாம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டில்ல பார்க்குது" என்றார் டாக்டர் ஈனஸ்வரத்தில். அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை, அதை முறையாக நிறுவித்தர கம்பெனியிலிருந்து நரைத்த தலையும் தோள்பையுமாக ஒரு அம்மாள் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"அம்மா, என் பேர்ல இருக்கற அந்தச் சிவப்பை அழிச்சிடாதீங்க. நாளைக்கு நிலைமை இன்னும் மோசமானா ஒப்பிட்டுப் பார்க்கணும்."

அந்த அம்மாள் தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே சொன்னார்: "ஓட்டிப் பார்க்கக் குடுக்கறதுல யாரைப் போட்டாலும் சிவப்புதான் சார் வரும், எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான், டாக்டருங்க அத்தனை பேரும் முதல்ல தன் பேரைத்தான் போட்டுப் பார்க்கறாங்க, பச்சை காட்டின வரைக்கும் ஒருத்தர்கூட வாங்கலையே!"