வறுத்த தேநீரால் எனக்கு நேர்ந்த நன்மைகள்

கனசாவா,
நவம்பர், மழை நாள்.

அன்புத் தங்கை மிசவோவுக்கு அண்ணன் யசுஹெய் எழுதுவது.

பனிப் பாரத்தில் கிளை ஒடியாமலிருக்கப் பூங்காவில் பைன் மரங்களுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஷிசுவோகாவில் உங்கள் பக்கம் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நீயும் மாப்பிள்ளை தோகுஜியும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் தேயிலைத் தோட்டத்தில் உறைபனி இறங்காமல் இருக்க வேண்டும். நான் மிகவும் நலமாக இருக்கிறேன். அதைப் பற்றிய புகார்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணி நொபுகோவின் நினைவு நாளுக்கு ஆகஸ்டில் வந்திருந்தாயே, அப்போது என் சிவந்த கண்ணையும் நான் குடித்த காபியையும் பார்த்துவிட்டு, "அண்ணா, இப்படியே குடிச்சுக்கிட்டிருந்தா அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பூஜை வைக்கணும்" என்று மடத்துச் சாமியார் காதுபடச் சொன்னாய். அவரும் அதை மறுக்கவில்லை. ஊருக்குப் போன கையோடு, மேசை உயரத்துக்கு ஒரு பெட்டி நிறைய வறுத்த பச்சைத் தேயிலையை அனுப்பிவைத்தாய். எங்கள் ஊரிலேயே தேயிலைக் காம்பை வறுக்கும் கடைகள் இருக்கின்றன, வாசனை பஸ்ஸுக்குள் வரைக்கும் வரும், நாற்பது வருஷம் அந்த வாசனைக்குள்தான் பஸ் ஓட்டினேன், ஆனாலும் தங்கை அனுப்பியது என்பதால் காபியை விட்டேன். வறுப்பதால் கஃபீன் குறைச்சல், தூக்கம் வரும், வயிற்றைப் புண்ணாக்காது, கைகால் கதகதப்பாக இருக்கும், வாசனையே மனதைச் சாந்தப்படுத்தும், குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம் என்று போனில் நீ சொன்னாய். அத்தனையும் நடந்தது. ஒன்று விடாமல் நடந்ததுதான் கஷ்டம்.

முதலில் வயிறு. பல வருஷமாக இருந்த புளித்த ஏப்பம் நின்றது. நின்றதும் பசிக்க ஆரம்பித்தது. நான் சமைக்கிற சோறே எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது என்றால் மற்றதை நீயே ஊகித்துக்கொள். செப்டம்பரில் பக்கத்து வீட்டுக் கிழவருடைய சாவுக்குக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் போடும்போதே மூச்சு முட்டியது. சாமியார் மந்திரம் ஓதிக்கொண்டிருக்கையில் நான் கொஞ்சம் முன்னால் குனிந்தேன், பொத்தான் தெறித்து நேரே போய், மந்திரம் முடிந்ததும் மணியாக அடிப்பதற்கு அவர் முன்னால் வைத்திருந்த பித்தளைக் கிண்ணத்தில் பட்டது. டிங் என்று அவ்வளவு சுத்தமான ஓசை. எல்லாரும் மணி அடித்தாகிவிட்டது என்று கைகூப்பிக் கும்பிட்டார்கள். சாமியார் ஒரு கணம் முழித்தார், பிறகு அவரும் பக்கங்களைத் தள்ளிவிட்டு முடிவுக்கு வந்துவிட்டார். வெகுநேரமாகக் காலை மடக்கி உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கோட்டு மட்டும் இனி ஆகாது.

அடுத்தது தூக்கம். இதுதான் பெரிய அடி. எங்கள் தெருச் சங்கக் கூட்டத்துக்குப் பிளாஸ்க்கில் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். பாய் விரித்த மண்டபம், மூலையில் ஹீட்டர், கதகதப்பான கைகால், சாந்தமான மனம். விழித்துப் பார்த்தால் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய தலைவர் ஹோரிதா என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்.

"வாழ்த்துகள், தலைவரே!"

"யாருய்யா தலைவரு?"

"நீங்கதான் கிதாதே அண்ணே. யாரு ஏத்துக்கறீங்கன்னு கேட்டேன். எல்லாரும் பாயைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்லா அழுத்தமா தலையாட்டுனீங்க."

"தூங்கி விழுந்துக்கிட்டு இருந்தேன்யா!"

"எனக்கும் சந்தேகம் வந்துச்சு. அதான் இன்னொரு தரம் கேட்டேன். இன்னொரு தரமும் ஆட்டுனீங்க. இப்ப கைதட்டியாச்சு. தட்டுன கையத் திரும்ப வாங்க முடியுமா?"

அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து காக்கை கிளறாமல் குப்பைக்கு வலை போடுவது என் வேலை, செவ்வாய்க்கிழமை பிளாஸ்டிக்கோடு மீன் முள்ளைச் சேர்த்துப் போட்டவர் யார் என்று கண்டுபிடிப்பதும் என் வேலை.

பதவி வந்ததும் பழையபடி கோபமாவது இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். பஸ்ஸில் என் குரலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாமாகவே பின்னால் நகரும் என்பது உனக்குத் தெரியும். அந்தக் குரலை உன் தேநீர் வாங்கிக்கொண்டுவிட்டது. போன வாரம் ஓகுமுரா அம்மாள் முடிதிருத்துகிற தனிகுச்சியை இழுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தலைவரே, போன வருஷம் இந்த ஆளு அவர் வீட்டுப் பனியையெல்லாம் எங்க வாசல்ல தள்ளுனாரு. இந்த வருஷமும் தள்ளட்டும், பார்த்துக்கறேன்!"

"ஏம்மா, இன்னும் பனியே விழலியே."

"விழுந்தப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?"

"நான் எங்க தள்ளுனேன்? அது தானா சரிஞ்சுது" என்றார் தனிகுச்சி.

"தானா சரிய அது என்ன உங்க வழுக்கையா?"

முன்னெல்லாம் என்றால் இருவரையும் ஒரு அதட்டு அதட்டிக் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் அப்போதுதான் இரண்டாவது கோப்பை உள்ளே போயிருந்தது. என் வாயிலிருந்து, "சண்டை வேண்டாம், ரெண்டு வீட்டுப் பனியையும் என் வாசல்ல தள்ளுங்க" என்று வந்தது. இருவரும் இடுப்பு வரை வளைந்து வணங்கிவிட்டுப் போனார்கள். ஆகவே இந்தக் குளிர்காலத்தில் உன் அண்ணன் எழுபது வயதில் மூன்று வீட்டுப் பனியை வாரப் போகிறான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன்னிடம் உண்மையில் சொல்ல வந்தது தமயோவின் கடையைப் பற்றி. பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் அந்தச் சின்னக் காபிக் கடை, நீகூட ஒருமுறை வந்து முட்டை சாண்ட்விச் நன்றாக இருக்கிறது என்றாயே, அதுதான். நொபுகோ போன பிறகு காலையில் வீட்டில் உட்கார முடியாமல் நான் போய் உட்கார்ந்த இடம். வீட்டில் போடுகிற காபித்தூளும் அங்கேதான் வாங்குவேன். உனக்கு வாக்குக் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. போனால் குடித்துவிடுவேன் என்ற பயத்தில் எதிர்ச்சாரியில் நடந்து, குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போவேன். மழையில்லாத நாளிலும்.

நேற்று ஹோரிதா வந்து, தமயோ கடையை மூடப் போகிறாளாம், சங்கத்தின் சார்பில் ஒரு பூங்கொத்து கொடுக்க வேண்டும் என்றார். இன்று காலை போனேன். கடையில் ஒருவரும் இல்லை. அவள் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் வெளியே வந்துவிட்டது.

"வாங்க தலைவரே. குடை நல்லா இருக்கா?"

"தமயோ, அது வந்து, என் தங்கச்சி..."

"தெரியும். ஊரே சொல்லுது. உடம்பு தேறிடுச்சாம். அப்ப உடம்பக் கெடுத்தது நான்தானே?"

"அப்படி யாரு சொன்னா? மூடப் போறியாமே, ஏன்? முட்டி வலியா?"

"முட்டி எப்பவும்தான் வலிக்குது. ஏழு மணிக்குக் கடை தொறக்கறதே ஒரு ஆளு வருவாருன்னுதான். அந்த ஆளு குடையப் பிடிச்சுக்கிட்டு எதிர்ல போனா, நான் எதுக்கு அந்தக் குளிர்ல எந்திரிக்கணும்? சொல்லுங்க, எதுக்கு?"

பதில் சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு மனம் சாந்தமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் கொஞ்சம் படபடப்பும் தேவைப்படுகிற நேரம் இருக்கிறது மிசவோ, உன் தேயிலைக்கு அது தெரியவில்லை. கடைசியில், "நாளைக்கு ஏழு மணிக்கு வர்றேன், வழக்கமான காபி போட்டு வை" என்றேன். அவள் உள்ளே போய் என் பழைய கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் தூசி இல்லை.

ஆகையால் தீர்மானமாகச் சொல்லிவிடுகிறேன். நாளை முதல் நான் காபிக்குத் திரும்புகிறேன். தூக்கம் கெடட்டும், வயிறு எரியட்டும், கோபம் வரட்டும், குறிப்பாக ஓகுமுரா அம்மாளிடம் வரட்டும். இனிமேல் தேயிலை அனுப்பாதே. உன் அன்பில் குறையில்லை, அந்த இலையிலும் குறையில்லை, குணம்தான் அதிகம்.

குளிர் கூடிக்கொண்டே போகிறது, கழுத்தைத் துண்டால் மூடிக்கொள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் இந்த வருஷம் ஒரு தும்மல்கூடக் கேட்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
கிதாதே யசுஹெய்

பி.கு.: காலையில் போனவன் எழுந்து வராமல், இந்தக் கடிதத்தைத் தமயோவின் கடையில் உட்கார்ந்துதான் எழுதினேன். கைகழுவப் போய்விட்டு வருவதற்குள் அவள் முழுவதையும் படித்துவிட்டாள். கண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொல்கிறாள்: "உங்களுக்கு நான் நிஜக் காபி குடுத்து மூணு வருஷம் ஆச்சு. அண்ணி காலமான அந்த வாரம், தூக்கமே இல்லைன்னு வந்து உட்கார்ந்தீங்க. அன்னிலேருந்து கஃபீன் எடுத்த கொட்டைதான் அரைக்கிறேன். வீட்டுக்கு வாங்கிட்டுப் போன தூளும் அதேதான். ஒரு நாளாவது கண்டுபிடிச்சீங்களா?" நான் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் அன்று என் தூக்கத்தைக் கெடுத்தது எது, இன்று தூங்கவைக்கிறது எது, பொத்தானைத் தெறிக்கவிட்டது எது, ஒன்றும் புரியவில்லை. மேலே எழுதியதில் எது சரி என்று தெரியாததால், தேயிலை அனுப்புவதா வேண்டாமா என்பதை நீயே பார்த்து முடிவுசெய்துகொள். இப்போதைக்கு நானும் தமயோவும் எதிரெதிரே உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறது.