சஷ்டி விரதத்தில் ஒரு குமரா அல்வா

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். சொஜ்ஜி, பஜ்ஜி, காபி. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு, அதுவும் அந்த மாப்பிள்ளை ஆக்லாந்தில் தனி ஆளாக ஒரு வாடகை வீட்டில் இருக்கும்போது, என்ன கொடுப்பது என்று நம் முன்னோர் யாரும் யோசித்து வைக்கவில்லை. அதனால் நானே யோசித்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில், மளிகைக் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய ஃபிளாட்டில் குடியிருந்தேன். (இப்போது அந்த இடத்தில் பெட்டி பெட்டியாக மாடி வீடுகள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் சமையலறை ஜன்னல் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று தேடிப் பார்க்கிறேன்.) சொந்த ஊர் துறையூர். மென்பொருள் சோதிக்கும் வேலை. அதாவது, மற்றவர்கள் ஒழுங்காகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் குணத்தோடு வீட்டில் டப்பாவுக்கு டப்பா லேபிள் ஒட்டி, பருப்புகளை அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். என்னையும் ஒருத்தி விரும்பினாள் என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

அவள் தர்ஷினி. ஹில்ஸ்பரோவில் பெற்றோருடன் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண். நாங்கள் பேசிப் பழகி (அவள் கணக்கில், கதைத்துப் பழகி) இரண்டு வீட்டிலும் சொல்லியாயிற்று. என் வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்பாவுக்கும் சம்மதம். அம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

ஒருநாள் தர்ஷினி போன் செய்தாள். "ஞாயிற்றுக்கிழமை கோயிலால வாற வழியில உங்கட வீட்ட வருகினம். அம்மாவுக்கு இப்ப கந்த சஷ்டி விரதம். விரதத்துக்குள்ள எடுக்கிற முடிவு முருகன்ட முடிவாம். அவ வேண்டாம் எண்டு சொல்லிட்டா பிறகு அப்பா தலைகீழா நிண்டாலும் மாத்தேலாது."

"என்ன சாப்பிடுவாங்க?"

"இரவில கொஞ்சம் கிழங்கும் பாலும் மட்டும்தான். நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. பாலைக் காய்ச்சிக் குடுங்கோ, காணும்."

(அவர்கள் பேச்சில் 'காணும்' என்றால் போதும்.) பாலைக் காய்ச்சி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் என் மூளை 'கிழங்கு' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது.

நான் சர்க்கரைவள்ளி என்பதை அவர்கள் வத்தாளங்கிழங்கு என்பார்கள். இந்த ஊர்க் கடையில் அதற்குக் குமரா என்று பெயர். (முருகனுக்கும் குமரன் என்று பெயர் இருக்கிறதே, இது நல்ல சகுனம் என்று அன்று எனக்குத் தோன்றியது. முருகன் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.) சிவப்பு, பொன்னிறம், ஆரஞ்சு என்று மூன்று வகையும் வாங்கி வந்து, அலுவலகத்தில் மென்பொருளைச் சோதிப்பதுபோல வரிசையாகச் சோதித்தேன்.

ஆரஞ்சைக் குக்கரில் வேக வைத்தேன். திறந்து பார்த்தால் கிழங்கு இல்லை, சூப் இருந்தது. அதையே கொதிக்கவிட்டுத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துப் பாயசம் என்று பெயர் வைத்தேன். குழந்தைகளுக்கு ஊட்டும் காரட் கூழ் போல ருசித்தது. அடுத்து குலாப் ஜாமூன். மசித்த கிழங்கில் மைதா கலந்து, ஒரே அளவில் உருட்டி, தராசில் நிறுத்து எண்ணெயில் போட்டேன். அத்தனையும் பிரிந்து மிதந்தன. சிவப்புக் குமராவை மைக்ரோவேவில் வைத்ததில் தோல் சுருங்கி, உள்ளே கட்டை போல இறுகிவிட்டது. பொன்னிறத்தில் செய்த போளி தோசைக்கல்லைவிட்டு வரவே இல்லை. சுரண்டி எடுத்தபோது அது ஓரளவு ருசியாக இருந்ததுதான் பெரிய வேதனை.

இத்தனை தோல்விகளையும் டப்பாவில் அடைத்து அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். பக்கத்து மேசையில் இருந்த ஹேமி எல்லாவற்றையும் சாப்பிட்டான். ஹேமி மாவோரி, இந்த நாட்டின் பூர்வகுடி. சிறு வயதிலிருந்தே குமராவோடு வளர்ந்தவன். ஜாமூன் தூளை ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "ப்ரோ, நீ இந்தக் கிழங்கைக் கொடுமைப்படுத்துகிறாய்," என்றான். "தண்ணீரில் போட்டால் அது தண்ணீர் குடிக்கும். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா. அம்மாவுக்குப் பிறந்தநாள், ஹாங்கி போடுகிறோம். உனக்கு வேண்டிய கிழங்கை அதில் வேக வைத்துத் தருகிறேன்."

ஹாங்கி என்பது மண்ணுக்குள் சமைப்பது. கொல்லையில் குழி வெட்டி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களை அதில் போட்டு, அவற்றின்மேல் உணவுக் கூடைகளை இறக்கி, ஈரச் சாக்கால் மூடி, மண்ணைப் போட்டு விடுவார்கள். அன்று காலை லேசாகத் தூறியது. மண்ணிலிருந்து புகையும் ஆவியும் கலந்து எழுந்த அந்த மணத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் எனக்கு உறவென்று யாருமில்லாத காலம் அது. ஹேமியின் மாமா ஒருவர் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, "சும்மா நிற்காதே," என்று அதட்டினார். என்னவோ என் வீட்டு ஆள் யாரோ அதட்டியதுபோல இருந்தது. குழி வெட்டினேன். கல் தூக்கினேன். எது முதலில், எது பிறகு, ஏன் என்று ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். (இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நான் எதையும் கவனிக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.)

தோண்டி எடுத்த குமரா ஈரமே இல்லாமல், மாவுபோல, மெல்லிய புகை வாசனையோடு இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து உரித்து, மசித்து, நெய்யில் வதக்கி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுக் கிளறினேன். சட்டியில் ஒட்டாமல் திரண்டு வந்தது. வாயில் போட்டேன். அந்தச் சமையலறையில் தனியாக நின்றுகொண்டு நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் வக்கீலாக இருந்தவர், இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அம்மா நெற்றி நிறையத் திருநீற்றோடு, களைத்துப்போய் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அவர் பார்வை என் லேபிள் ஒட்டிய டப்பாக்களை வரிசையாகக் கடந்து போனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சூடான பாலோடு அல்வாவையும் வைத்தேன். "ஆன்ட்டி, இது கிழங்குதான். விரதத்துக்கு ஆகும்னு தர்ஷினி சொன்னா."

ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்தார். பிறகு ஒரு ஸ்பூன். பிறகு கிண்ணம் காலி.

"இன்னும் கொஞ்சம் கிடக்கோ தம்பி?" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற தர்ஷினி, தன் அம்மா இப்படிக் கேட்டு இதுவரை பார்த்ததில்லை என்பதுபோலக் கண்களை விரித்தாள். அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் கல்யாண மண்டபம்வரை போய்விட்டேன்.

இரண்டாவது கிண்ணமும் பாதி ஆனபோது அம்மா கேட்டார். "இப்பிடி ஒரு வாசம் ஊரில கூட நான் கண்டதில்ல. அடுப்பில சுட்டனீரோ?"

"இல்ல ஆன்ட்டி. மண்ணுக்குள்ள."

"மண்ணுக்குள்ளயோ?"

கேட்டால் போதாதா? முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். "முதல்ல குழி வெட்டணும். கல்லை நல்லா காய வைக்கணும். அப்புறம் கம்பிக் கூடையில அடுக்கணும். அடியில ஆட்டுக்கறி, அதுக்கு மேல முட்டைக்கோஸ் இலை, அதுக்கு மேல..."

அங்கே நின்றேன். முந்தின நாள் முழுவதும் கண்ணால் பார்த்த ஒன்று, அந்த நொடியில்தான் என் மண்டைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஸ்பூன் கிண்ணத்தில் மெல்ல இறங்கியது.

அப்பாதான் முதலில் எழுந்தார். பழைய வக்கீல் அல்லவா, வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். "அது வேற கூடைதானே தம்பி? இறைச்சி ஒரு கூடை, கிழங்கு இன்னொரு கூடை. என்ன?" தர்ஷினி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மண்ணில் புதைத்த கிழங்குகூட அந்த இடத்தில் 'ஆமா' என்று சொல்லியிருக்கும்.

"இல்ல அங்கிள். ஒரே கூடைதான். இன்னொண்ணு துருப்பிடிச்சிருந்துச்சு."

தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, சரி. கிழங்கு மேலதானே இருந்தது? மேல இருக்கிறதில கீழ இருக்கிறது எப்பிடி ஒட்டும்? வெறும் ஆவியப்பா அது! ஆவியால விரதம் முறியுமோ?"

"ஆவி எதில இருந்து வந்தது?" என்றார் அம்மா, அமைதியாக.

அப்பா என்னைப் பார்த்தார். "தண்ணியில இருந்துதான் ஆன்ட்டி," என்றேன். "பாத்தீரோ, தண்ணி!" என்று அப்பா கையைத் தட்டினார். "கறியில இருந்தும் கொஞ்சம்," என்று நான் முடித்தேன்.

அப்பா விடுவதாக இல்லை. "முட்டைக்கோஸ் இலை நடுவில இருந்ததுதானே? அது மறைச்சிருக்குமே!"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தாலே போதும். வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.

"இலை வெந்தா சுருங்கிடும் அங்கிள். எடுக்கும்போது பாத்தேன், நடுவுல பெரிய ஓட்டை."

அவர் சோபாவில் சாய்ந்துவிட்டார். "நான் உமக்காகக் கதைக்கிறன். நீர் ஆருக்காகக் கதைக்கிறீர்?"

அம்மா எழுந்து போய்ச் சமையலறைத் தொட்டியில் வாய் கொப்பளித்தார். நீண்ட நேரம் கொப்பளித்தார். திரும்பி வந்து என் எதிரில் நின்றார். "தம்பி, உமக்கு விரதம் பிடிச்சுப் பழக்கமோ?"

"புரட்டாசி சனிக்கிழமை கறி சாப்பிட மாட்டேன் ஆன்ட்டி."

"அது விரதமில்ல. மரக்கறிச் சாப்பாடு. என்ர விரதம் உம்மட கையால முறிஞ்சுது. மிச்சத்தை நீர் பிடியும். தண்ணியும் பாலும் மட்டும். கிழங்கு கண்ணிலயும் காட்டக் கூடாது. பாரணைக்கு வீட்ட வாரும். முடிவை அப்ப சொல்லுறன்."

அப்படியாக, துறையூரில் பிறந்து அதுவரை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவறவிடாத நான், ஆக்லாந்தில் கந்த சஷ்டி விரதம் பிடித்தேன். மறுநாள் அலுவலகத்தில் ஹேமி, மிச்சமிருந்த ஹாங்கி கறியை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். பாதி ரொட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டு, "எல்லாம் அந்தத் துருப்பிடித்த கூடையால் வந்தது," என்று என்னைவிட அதிகம் வருத்தப்பட்டான். மாலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, மூலையிலிருந்த பெட்டிக்கடையிலிருந்து (இந்த ஊரில் அதற்கு டெய்ரி என்று பெயர்) வந்த, கறி அடைத்த சூடான 'பை' பலகாரத்தின் வாசனைக்கு என் கால்கள் தாமாகவே நடக்க ஆரம்பித்தன. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூரசம்ஹாரத்தன்று கோயிலில், சூரன் எப்போது விழுவான் என்று என்னைப்போலப் பதறிய பக்தர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

விரதம் முடிக்கும் பாரணையன்று காலை ஹில்ஸ்பரோவுக்குப் போனேன். முகம் வற்றி, பேன்ட் இடுப்பில் நிற்காமல். அம்மா வாசலில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"களவா ஏதும் சாப்பிட்டனீரோ?"

"நேத்து பல் விளக்கும்போது பேஸ்ட் கொஞ்சம் உள்ள போயிடுச்சு ஆன்ட்டி."

அவர் உள்ளே திரும்பி, சமையலறையில் நின்ற தர்ஷினியிடம் குரல் கொடுத்தார். "பிள்ளை, மருமோனுக்கு முதல்ல சோத்தைப் போடு." சோறு முழுவதும் கண்ணீரில் மங்கலாகத் தெரிந்தது. (பசியால் என்று அப்போது சமாளித்தேன்.) ஏன் சம்மதித்தார் என்று தர்ஷினி பிற்பாடு கேட்டாளாம். "இவனால உனக்கு ஒண்டையும் ஒளிக்கேலாது பிள்ளை. நீ கேட்டாக் காணும், எல்லாம் வரும்," என்றாராம்.

எங்கள் கல்யாணத்துக்கு ஹேமி புதுக் கூடைகளோடு வந்து ஹாங்கி போட்டான். விரதமில்லாத நாள் என்பதால், எனக்கு அத்தையாகிவிட்ட தர்ஷினியின் அம்மாவே முன்னின்று வாங்கிச் சாப்பிட்டார். மாமா (தர்ஷினியின் அப்பா) இருந்தவரை, எந்த விருந்திலும் இந்தக் கதையை எழுந்து நின்று, நீதிமன்றத்தில் வாதாடுவதுபோல நடித்துக் காட்டுவார். "என்ர வாழ்க்கையில என்ர கட்சிக்காரனாலயே தோத்த ஒரே கேஸ்," என்று முடிப்பார். அவர் போன பிறகு அந்த வசனத்தைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அவருடைய கதையிலிருந்து அந்த முட்டைக்கோஸ் இலை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. யாரும் கேட்காத உண்மையை நான் சொல்லத் தொடங்கினால், தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் மகள் விரலை உயர்த்துவாள். "அப்பா, கேபேஜ் லீஃப்!" வீட்டுச் சொந்தக்காரரிடமும், பள்ளி ஆசிரியரிடமும், விமான நிலைய அதிகாரியிடமும் அந்த இரண்டு சொற்கள் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன.

அத்தைக்கு இப்போது சர்க்கரை நோய். சஷ்டி விரதத்தை டாக்டர் தடுத்துவிட்டதால், வருடாவருடம் அவருக்கும் சேர்த்து நான்தான் பிடிக்கிறேன். போன மாதம் அவரைச் சோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். அத்தைக்கு ஆங்கிலம் வராது. எங்கள் குடும்ப டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இனிப்பை எல்லாம் நிறுத்திவிட்டார்தானே?"

முந்தின நாள் மாலை ஹேமி கொடுத்தனுப்பிய கிழங்கில் நான்தான் அல்வா கிளறினேன். அத்தைதான் கிண்ணத்தை வழித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், உண்மையில் நேற்று சாயங்காலம்..." என்று ஆரம்பித்தேன்.

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்துச் சிரித்தபடியே, அத்தை தன் வாழ்நாளின் முதல் ஆங்கிலத்தைத் தெளிவாக உச்சரித்தார்.

"கேபேஜ் லீஃப்."